ஆட்டு முடியும் அரியலூர்ப் பெரியம்மாவும்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வருஷத்துக்கு மூன்று பருவம். வெயில், கடும் வெயில், மார்கழியில் கொஞ்சம் 'அப்பாடா!' இந்தச் சீமையில் உட்கார்ந்துகொண்டு ஸ்வெட்டர் நூலைப் பற்றி எழுதுவது, ஊட்டியில் ஃபேன் விற்பது மாதிரி. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. காரணம், அரியலூரில் இருக்கும் என் பெரியம்மா.

பெரியம்மாவின் ஒரே மகள் கனடாவில். மாசியில் தலைப்பிரசவம். பெரியம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "நான் போகாட்டி என்னடா, என் கை போகட்டும்" என்று சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து பின்னல் ஊசிகளை எடுத்துவிட்டார். ஆறாம் வகுப்பில் தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்த வித்தை!

நூலும் தயார். போன தடவை வந்த மகள் கொடுத்துவிட்டுப் போன நாலு உருண்டைகள். லேபிளில், 'கிட் மொஹேர் 70 சதம், பட்டு 30 சதம், 25 கிராம், 210 மீட்டர்' என்று போட்டிருந்தது.

நான் பி.காம். லேபிளைப் பார்த்தால் கை தானாகக் கணக்குப் போடும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் நூல் விட 143 உருண்டை போதும்; மொத்த எடை மூன்றரைக் கிலோ சொச்சம். நம் வீட்டு அரிசிப் பையைவிட லேசு!

"இது ஆட்டு முடியா, முயல் முடியாடா?"

நியாயமான சந்தேகம். அங்கோரா என்பது துருக்கியின் அங்காராவுக்குப் பழைய பெயர். அங்கோரா ஆட்டின் முடி மொஹேர். அங்கோரா முயலின் முடிக்குத்தான் அங்கோரா என்று பெயர். மொஹேர் என்ற சொல்லே, 'பொறுக்கி எடுத்தது' என்று பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்து வந்ததாம்.

துருக்கிக்காரர்கள் இந்த ஆட்டை லேசில் வெளியே விடவில்லை. 1838-ல் கர்னல் ஹெண்டர்சன் என்பவர் பன்னிரண்டு கிடாக்களையும் ஒரு பெட்டையையும் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் கொண்டுபோனார். கிடாக்கள் பன்னிரண்டையும் இனவிருத்திக்கு உதவாதபடி செய்துதான் அனுப்பியிருந்தார்களாம்! ஆனால் பெட்டை சினையாக இருந்ததையும், அது வழியிலேயே ஒரு கிடாக்குட்டி போட்டதையும் கதை கதையாகச் சொல்கிறார்கள். இன்றைக்கு உலக மொஹேரில் ஏறக்குறையப் பாதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது.

"ஏன், நம்ம பக்கத்துக் கருப்பு ஆட்டுக்கு என்ன குறைச்சல்?"

பெரியம்மாவுக்கு ஊர்ப் பாசம் அதிகம். பெரம்பலூர் பக்கம் மேயும் 'திருச்சி கருப்பு' செம்மறிக்கும் முடி உண்டுதான். ஆனால் முரடு. கம்பளிக்கும் விரிப்புக்கும் ஆகும். கழுத்தில் சுற்றினால் மனுஷன் நாள் பூரா சொறிந்துகொண்டிருப்பான். எந்த நூலானாலும் வாங்குமுன் கழுத்திலோ மணிக்கட்டின் உள்பக்கமோ ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். உறுத்தினால், விலையைக் கேட்காமலே திரும்பிவிடலாம்.

நிற்க. பெரியம்மா பேரக் குழந்தைக்குச் சட்டை பின்ன ஆரம்பித்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அதான் 'கிட்'னு போட்டிருக்கே! கிட்னா குழந்தைதானே?"

"பெரியம்மா, அது ஆட்டுக்குட்டி! குட்டியோட முடி ரொம்ப மெலிசு. ஆடு வளர வளர முடியும் தடிச்சுப் போகும். அதான் குட்டி முடிக்கு விலை ஜாஸ்தி."

பிறந்த குழந்தைக்கு மொஹேர் வேண்டாம். முடி உதிரும். கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் வயசு. மூக்கிலும் வாயிலும் முடி போகும். தவிர, குழந்தைத் துணியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அலச வேண்டும்! மொஹேரைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் துண்டில் ஒற்றி, பாய் மாதிரி விரித்துத்தான் காயவைக்க வேண்டும். கல்லில் அடித்துத் துவைத்தால் போர்த்திக்கொள்ள மிஞ்சாது. பாத்திரம் தேய்க்கத்தான் ஆகும்.

பருத்தி விளைகிற சீமைக்காரர்கள் நாம். குழந்தைக்கு வீட்டுக்குள் போட மெத்தென்ற பருத்தி நூலில் ஒரு குல்லாய் போதும் என்றேன். பெரியம்மா முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் அவரே மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டா, பிள்ளை பெத்தவ காதுல காத்துப் படக்கூடாதே... அங்கே அவ தலையில யாரு துண்டு கட்டிவிடுவாங்க?"

அதோடு முடிவாகிவிட்டது. மொஹேர், மகளுக்கு. தலையோடு தோளையும் மூடுகிற சால்வை.

இனி தொழில் விஷயம். பெரியம்மா வைத்திருந்தது பத்தாம் நம்பர் ஊசி. பழைய ஊசிகளில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். பத்து என்றால் மூன்றேகால் மில்லிமீட்டர். மொஹேருக்கு இது ஆகாது. ஆறாம் நம்பர், அதாவது ஐந்து மில்லிமீட்டர் ஊசியில் தளர்த்தியாகப் பின்ன வேண்டும். இடைவெளியை நூலின் பஞ்சு முடியே அடைத்துக்கொள்ளும். நெருக்கிப் பின்னினால் அட்டை மாதிரி விறைக்கும். டிசைன் எதுவும் வேண்டாம், முடி மூடிவிடும். வெறும் ப்ளெயின் பின்னலே அழகு. கண் மங்கியவர்கள் வெளிர் நிற நூலை எடுத்துக்கொண்டு மடியில் கருப்புத் துணி விரித்தால் கண்ணிகள் தெரியும்.

இன்னொன்று. இந்த நூலைப் பிரிப்பது மகா கஷ்டம். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், 2002-ல் சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். மாவட்டத்தில் செய்யலாம், மொஹேரில் நடக்காது! முடியோடு முடி கவ்விக்கொள்ளும். பிரித்தே ஆக வேண்டுமென்றால், பாலிதீன் பையில் போட்டுக் கொஞ்ச நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள். முடி படிந்து, ஓரளவு இளகிக் கொடுக்கும். (ஐஸ் எடுக்க வந்த பெரியப்பா, பையைப் பார்த்துவிட்டு, "பூனைக்கு என்னடி ஆச்சு?" என்று அலறியது தனிக் கதை.)

கடையில் வாங்குகிறவர்களுக்கு: நம்மூர் ஃபேன்ஸி ஸ்டோரில் 'உல்லன்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். கொலு பொம்மைக்கும் வாசல் தோரணத்துக்கும் அது அருமை. மொஹேர் என்று சொல்லி அதிக விலை கேட்டால் மட்டும் ஒரு துண்டு நூலைத் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடியானால் அது மிருகத்தின் முடி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக்.

நான் எழுதும் இன்றைக்கு, சால்வை முக்கால்வாசி ஆகிவிட்டது. வரிசைக்கு 80 கண்ணி. பெரியம்மா எண்ணுவதில்லை, மகள் பெயரைச் சொல்லிச் சொல்லியே போடுகிறார். குட்டி முடி சரியான குட்டிக்குத்தான் போகிறது.