விமானச்சீட்டு உள்ளவருக்கு மட்டும் வாக்குச்சீட்டு

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. தில்லியில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் நான் ஒன்றரை நாள் ரயிலில் அமர்ந்து ஊருக்குச் சென்று வாக்களித்தேன். குவைத்தில் கிரேன் ஓட்டும் என் பெரியப்பா மகனால் அது இயலவில்லை. அவர் அக்கறையற்றவர் அல்லர். படிவம் 6ஏ நிரப்பி, வெளிநாடுவாழ் வாக்காளராகத் தம் பெயரைப் பதிந்திருந்தார். அன்று மாலை தொலைபேசியில் அவர் சொன்னது இன்னும் நினைவிலிருக்கிறது: “லிஸ்ட்ல பேரு இருக்கு தம்பி, நான்தான் இல்ல.”

பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு வாக்களிக்க வழி தராமல் இருப்பதை உரிமை என்று அழைப்பது சரியா என்பதே என் கேள்வி.

முதலில் ஒரு சொற்றொடரைப் பார்க்க வேண்டும். மொழியியல் படித்தவனுக்கு இந்தச் சபலம் தவிர்க்க முடியாதது, பொறுத்துக்கொள்க. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் தம் தொகுதியில் ‘சாதாரணமாக வசிப்பவராக’ இருக்க வேண்டும் என்கிறது. 2025இல் பீகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தம் நடந்தபோது இச்சொற்றொடர் நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. தமிழில் ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்பதும் ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதற்கேள்விக்கு விடை வாழ்நாள் முழுதும் பெரும்பாலும் மாறுவதில்லை. சட்டம் இரண்டாவது கேள்வியை மட்டுமே கேட்கிறது. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டுமே அங்கு வசிப்பதற்குச் சான்றாகாது என்று இருபதாம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. தற்காலிகமாக வெளியே சென்றால் வசிப்பிடம் போய்விடாது என்றும் கூறுகிறது. ஆனால் ‘தற்காலிகம்’ என்றால் எத்தனை மாதம் என்று கூறவில்லை.

இதே பிரிவு அரசுப் பணியாளருக்கு வரும்போது மட்டும் இலக்கணம் மாறிவிடுகிறது. படைவீரரோ வெளிநாட்டுத் தூதரகத்தில் பணிபுரியும் அரசு ஊழியரோ அப்பணியில் இல்லாதிருந்தால் எங்கே வசித்திருப்பாரோ, அங்கேயே வசிப்பதாகக் கொள்ளப்படுவார். நடவாத ஒன்றை நடந்ததாக வைத்துப் பேசும் வாக்கியம் இது. அவருடன் வசிக்கும் மனைவிக்கும் இச்சலுகை உண்டு; 2021இல் திருத்தம் செய்து ‘மனைவி’ என்பதைக் கணவருக்கும் பொருந்தும் பொதுச்சொல்லாக மாற்றினார்கள். வேண்டும்போது சட்டத்தால் கற்பனை செய்ய முடிகிறது. குவைத்தில் தூதரக எழுத்தர் ஊரில் இருப்பதாகப் பாவிக்கப்படுகிறார், அவருக்கு அஞ்சல் வாக்கும் உண்டு. அதே நகரில் கட்டுமானத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லாமலிருந்தது.

2010இல் சட்டம் திருத்தப்பட்டு 20ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர், கடவுச்சீட்டில் உள்ள முகவரியைக் கொண்டு தம் தொகுதியில் பெயர் சேர்க்கலாம். வாக்களிக்க மட்டும் அசல் கடவுச்சீட்டுடன் அந்த வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தாக வேண்டும். வளைகுடாவில் கடவுச்சீட்டை முதலாளியே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம், சட்டப்படி தவறென்றாலும், இன்னும் ஒழிந்தபாடில்லை என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விளைவு எண்களில் தெரிகிறது. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் 1.3 கோடிக்கும் மேல். 2019 மக்களவைத் தேர்தலில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பதிந்து, 25,606 பேர் வாக்களித்தனர். அவர்களுள் 25,534 பேர் கேரளத்தவர். ஏனைய இந்தியா முழுவதற்கும் 72 பேர்! 2024இல் பதிந்தோர் 1.19 லட்சமாக உயர, வாக்களித்தோர் 2,958ஆகச் சரிந்தனர். கேரளத்தில் அமைப்புகள் பயணச்சீட்டுகளை மொத்தமாக ஏற்பாடு செய்து வாக்காளரை அழைத்து வருவதுண்டு. அந்த ஊக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சாவடிக்குச் செல்ல விமானம் ஏற்பாடு செய்ய வல்ல அமைப்பின் ஆதரவாளருக்கே வாக்கு கைகூடும் என்றால், தேர்தலின் சமநிலை என்னாவது?

முயற்சிகள் நடக்காமலில்லை. உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் வந்தன, 2014இல் தேர்தல் ஆணையத்தின் குழு அறிக்கை அளித்தது. பதிலி வாக்குக்கான மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் அடுத்த ஆண்டு காலாவதியானது. அது காலாவதியானதில் எனக்கு வருத்தமில்லை. எனக்காக இன்னொருவர் பொத்தானை அழுத்துவது என் வாக்கு ஆகாது. குடும்பத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் பதிலிகளைச் சேகரிக்கும் காட்சியைக் கற்பனை செய்யக் கடினமில்லை.

நல்ல வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. படைவீரர்களுக்கு 2016 முதல் வாக்குச்சீட்டு மின்னணு முறையில் அனுப்பப்படுகிறது. அவர் அதை அச்சிட்டு, குறியிட்டு, சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியுடன் அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே இரண்டு வாரமே உறுதி என்ற நிலையில், தாளை இருமுறை கடல் கடத்த நேரமிராது. ஒரு வழியை மின்னணு மூலம் கடப்பதால்தான் இம்முறை நடைமுறைக்கு ஒத்துவருகிறது. 2020 நவம்பரில் தேர்தல் ஆணையமே இதை வெளிநாடுவாழ் வாக்காளருக்கும் விரிக்கலாம் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை, 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தினால் போதும். அதன்பின் 2024இல் ஒரு பொதுத்தேர்தலே வந்து போய்விட்டது.

மறுப்பு ஒன்றை மதிக்கிறேன். இங்கு வாழாதவர், இங்குள்ளோர் சுமக்கப் போகும் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கலாமா? இருபதாண்டுகள் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவரைக் குறித்து இக்கேள்வி நியாயமானது. பிரிட்டன் 2024 ஜனவரி வரை பதினைந்தாண்டு வரம்பு வைத்திருந்தது. அத்தகைய வரம்பை இங்கு வைத்தாலும் எதிர்க்க மாட்டேன். வளைகுடாத் தொழிலாளியின் நிலை வேறு. அந்நாடுகள் அவருக்குக் குடியுரிமை தரப்போவதில்லை. அவர் திரும்பியே தீர வேண்டும், பிள்ளைகள் இங்குள்ள பள்ளியில் படிக்கின்றனர். இப்போதைய விதி சென்றவர்களை ஆண்டுக்கணக்கில் வடிகட்டவில்லை, பணப்பையைப் பார்த்து வடிகட்டுகிறது. தன் தொழிலாளர்களைப் பெருமளவில் இதே வளைகுடாவுக்கு அனுப்பும் பிலிப்பைன்ஸ் 2003இலேயே சட்டமியற்றி, அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே வெளிநாட்டு வாக்கை நடத்தியது. அங்கு அவ்வாக்கு தேசிய அளவிலான பதவிகளுக்கு மட்டுமே என்பதால் வாக்குச்சீட்டு எல்லாருக்கும் ஒன்றே. நமக்கு 543 தொகுதிக்கும் தனித்தனி. கூடுதல் வேலைதான், ஆனால் படைவீரர்களுக்காக அந்த வேலையை நாம் இப்போதே செய்துகொண்டிருக்கிறோம்.

எனக்குள்ள கவலை சான்றொப்பத்தைப் பற்றியது. அதற்குத் தூதரகத்துக்கே வரவேண்டும் என்று விதித்தால், பாலைவன முகாமிலிருப்பவருக்கு அது இன்னொரு விமானப் பயணம் போலாகிவிடும். கடவுச்சீட்டுப் பணிகளுக்காகத் தூதரகங்கள் தொலைவிலுள்ள ஊர்களில் முகாம் நடத்துகின்றன அல்லவா, வாக்குச்சீட்டுக்கும் அங்கேயே ஒரு மேசை போடலாம். அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஒரே நிபந்தனைதான்: “வெள்ளிக்கிழமையா வைக்கச் சொல்லு, அன்னிக்குத்தான் லீவு.”