பந்தயப் பொருளான உரிமை

குடிமக்கள் இரு கட்சிகளாய்ப் பிரிவது குற்றமன்று. ஆயின் இலங்கையில் நடந்தது யாது? 1957இல் பண்டாரநாயக்கா தந்தை செல்வாவுடன் உடன்படிக்கை செய்தார். ஐக்கிய தேசியக் கட்சி கண்டிக்கு யாத்திரை புறப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்கா கையொப்பமிட்டார். சிறீ லங்கா சுதந்திரக் கட்சி எதிர்த்தெழுந்தது. ஆளும்போது ஒப்பியதையே எதிரணியில் அமர்ந்ததும் துரோகமென்றனர். ஆண்டவரோ எதிர்ப்பைச் சாட்டிக் கைவிரித்தனர். அவர்களின் போட்டியில் நம் உரிமை பந்தயப் பொருளாயிற்று.

இனி அந்தச் சாட்டு எடுபடாது. 2024இல் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. 22 மாவட்டங்களுள் மட்டக்களப்பு மாத்திரமே அதற்கு முதலிடம் மறுத்தது. வாக்களிக்க மறுத்தவனும் குடிமகனே! 2017இல் காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடத்துக. அதுவே அரசின் நேர்மைக்கு உரைகல்.