அலெப்போவின் குழந்தைக்காக நாம் ஏன் அழவில்லை?





காஸா போர் தொடங்கிய சில வாரங்களில் ஒரு நாள், ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. இடிபாடுகளுக்கிடையே, உடலெங்கும் புழுதி படிந்த ஒரு குழந்தை. 'காஸா, நேற்றிரவு' என்று கீழே எழுதியிருந்தது. கண்கள் கலங்கின. உடனே மஹல்லா குழுவிற்கும் மதரஸா பெற்றோர் குழுவிற்கும் அதை அனுப்பினேன். அன்று மாலை, முன்பு என்னிடம் ஓதி இப்போது கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவர் அழைத்தார். "ஹஜ்ரத், தப்பா நினைக்காதீங்க. அந்தப் படம் காஸாவில எடுத்தது இல்லீங்க. 2016-ல சிரியாவோட அலெப்போவில எடுத்தது" என்றார்.

வெட்கத்தால் தலை குனிந்தேன். படத்தை நீக்கினேன், திருத்தமும் அனுப்பினேன். அதற்குள் அது எத்தனை கைகளுக்குப் போய்ச் சேர்ந்ததோ, அல்லாஹ்வே அறிவான். வரும் செய்தியை விசாரித்துத் தெளிய வேண்டும் எனக் கட்டளையிடும் சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான்.

காஸாவின் துயரை நிறுவப் பொய்ப்படம் எதற்கு? 365 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 20 லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அடைபட்டுக் குண்டுவீச்சுக்கு ஆளானார்கள். இனப்படுகொலைச் செயல்களைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 26 அன்று இஸ்ரேலுக்கு உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதும் உறுதி செய்யப்பட்டது. இத்தனை உண்மைகள் இருக்க, நாம் பரப்பும் ஒரேயொரு பொய், மறுப்பவர்களின் கையில் ஆயுதமாகிறது. 'இதுவும் பொய்தானே' என்று சொல்லி, உண்மையிலேயே மடிந்த குழந்தைகளையும் அவர்கள் மறைத்துவிடுகிறார்கள்.

ஆயினும் அன்றிரவு என்னை உறங்கவிடாதது வேறொரு கேள்வி. அந்தக் குழந்தை புழுதியில் கிடந்தபோது நான் எங்கே இருந்தேன்? 2016-இலும் என்னிடம் கைப்பேசி இருந்தது. பஷார் அல்-அஸதின் படையும் ரஷ்ய விமானங்களும் கிழக்கு அலெப்போவைத் தகர்த்தபோது நான் ஒரு நாளும் குனூத் ஓதவில்லை. பெற்றோர் குழுவில் ஒரு சொல்லும் எழுதவில்லை. அதே குழந்தை, அதே புழுதி. கொன்றவன் இஸ்ரேல் என்று எண்ணியதும் அழுதேன். அப்படியானால் என் கண்ணீர் குழந்தைக்காகவா, கொன்றவன் மீதுள்ள கோபத்திற்காகவா?

இன்று சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 15 முதல் இராணுவமும் அதன் முன்னாள் கூட்டாளியான துணை இராணுவப் படையும் போரிடுகின்றன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். 2024 ஆகஸ்டில் ஸம்ஸம் அகதி முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. ஓராண்டுக்கும் மேலாக முற்றுகையிடப்பட்ட அல்-ஃபாஷிர் நகரம் 2025 அக்டோபரில் வீழ்ந்தபோது பொதுமக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அங்கே கொல்பவரும் கொல்லப்படுபவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள். அதனால்தான் நம் குழுக்கள் மௌனமாக இருக்கின்றனவோ?

"பைத்துல் முகத்தஸும் சூடானும் ஒன்றாகுமா?" என்று சிலர் கேட்பர். முதல் கிப்லாவின் சிறப்பை யார் மறுத்தார்? நிலத்தின் சிறப்பு வேறு, உயிரின் மதிப்பு வேறு. "நம்மவர் குறையை நாமே பேசலாமா?" என்றும் கேட்பர். உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு சூரத்துன் னிஸாவின் 135ஆம் வசனம் ஏவுகிறது. அநீதி இழைக்கும் சகோதரனுக்கு உதவுவது என்பது அவன் கையைத் தடுப்பதே என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

உக்ரைனுக்கு ஒரு நீதி, காஸாவுக்கு ஒரு நீதி என்று மேற்குலகைச் சாடுகிறோம். அது நியாயமான குற்றச்சாட்டே. ஆனால் அந்தத் தராசு நம் கையிலும் கோணலாக இருந்தால், பிறரைக் கேட்கும் தகுதி நமக்கு ஏது? தமக்கு அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களைக் குர்ஆன் கண்டிக்கிறது. அது கடைக்காரருக்கு மட்டும் சொல்லப்பட்டதா?

பெற்றோரே! உங்கள் பிள்ளைகள் உங்கள் கைப்பேசியைப் பார்த்தே நீதியைக் கற்கிறார்கள். ஒரு படத்தை அனுப்புமுன் அது எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று தேடுங்கள். தெரியவில்லையெனில் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவறிழைத்தால் அனுப்பிய அதே குழுவில் திருத்தம் இடுங்கள். காஸாவுக்காகக் கையேந்தும் துஆவில் சூடானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மதரஸாவில் சுப்ஹு பாடத்திற்குப் பின் பிள்ளைகள் இப்போது இரண்டு பெயர்களையும் சொல்லியே ஆமீன் கூறுகிறார்கள்.

யா அல்லாஹ்! அநீதி இழைக்கப்பட்டோருக்கு, இழைத்தவன் எவனாயினும், நீ துணை நிற்பாயாக. எங்கள் நாவையும் விரல்களையும் பொய்யிலிருந்து காப்பாயாக. ஆமீன்.