ஊன்றுகோலா? கைவிலங்கா?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முதுமையைப் பற்றி எழுதப் பதினைந்து வயதுப் பெண்களுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று பெரியோர்கள் கேட்கலாம். முதுமையை நாங்கள் அனுபவித்ததில்லை; உண்மைதான். ஆனால் முதியோரின் அருகில் அதிக நேரம் இருப்பவர்கள் நாங்கள்தாம். அப்பா அலுவலகத்திலும் அம்மா வேலையிலும் இருக்கும் மாலை வேளையில், பள்ளி விட்டு வரும் பேத்தியின் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருப்பவர்கள் பாட்டிமார்தாம். மேலும், முதியோருக்கு இழைக்கப்படும் தவறுகளில் ஒன்றை எங்கள் வீட்டிலேயே நாங்கள் இழைத்திருக்கிறோம். அதை அன்பு என்று எண்ணியே இழைத்தோம். ஆகவேதான் எழுதத் துணிந்தோம்.

எங்கள் பாட்டிக்கு வயது எழுபத்திரண்டு. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து சண்முகம் சாலைக் கடைத்தெருவுக்கு நாள்தோறும் காலையில் ஒயர் கூடையுடன் நடந்து செல்வார். கீரைக்காரியிடம் பேரம் பேசுவார். அவளுடைய மகளின் படிப்பை விசாரிப்பார். இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு திரும்புவார். அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் தெருவின் செய்திகள் அனைத்தும் வீடு வந்து சேர்ந்துவிடும்.

முந்தைய ஆண்டு ஐப்பசி மழையின்போது குளியலறையில் பாட்டி வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்தபின் கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் நெஞ்சில் புகுந்த அச்சம் பிரியவில்லை. “அம்மா, இனிமேல் மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம்” என்றார் அப்பா. “அத்தை, நீங்கள் அடுப்படிப் பக்கம் வராதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் அம்மா. “பாட்டி, நீங்கள் உட்காருங்கள், தண்ணீர் நாங்கள் கொண்டு வருகிறோம்” என்றோம் நாங்கள். கூடையைப் பரணில் போட்டோம். கூடத்தில் சன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, பாட்டியை அரசிபோல் அமர வைத்தோம்.

நான்கு மாதங்கள் சென்றன. அரசியால் அரியணையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. எழ வேண்டுமானால் யாராவது கை கொடுக்க வேண்டும். பகலில் தூங்கினார், இரவில் விழித்திருந்தார். “இன்று என்ன கிழமை?” என்று கேட்கத் தொடங்கினார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

பாட்டியைப் பரிசோதித்த மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நடக்கக் கூடாது என்று உங்களிடம் யார் சொன்னது?” என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார்; அம்மா எங்களைப் பார்த்தார். எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நாங்களே சொல்லிக்கொண்டது அது.

அன்று அந்த மருத்துவர் விளக்கியதை எல்லாப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். தசை என்பது பயன்படுத்தினால் நிற்கும், பயன்படுத்தாவிட்டால் கரையும் செல்வம். முதியவர் சில நாட்கள் படுத்திருந்தாலே கால்களின் வலு குறையத் தொடங்குகிறது. அதனை மீட்க அதைவிடப் பல மடங்கு நாட்கள் ஆகும். கால் வலு குறைந்தால் நடை தடுமாறும். நடை தடுமாறினால் மீண்டும் விழ நேரும். அதாவது, விழுந்துவிடக் கூடாது என்று நாங்கள் செய்த காரியமே பாட்டியை விழுவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தது!

விழுவது சிறிய விஷயமன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி. ஆயினும் அதே நிறுவனம் முதியோரை உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான உடலுழைப்பு வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது உடலின் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு அறிவுரை வழங்கியிருக்கிறது. உடல்நிலைக்கு ஏற்ற அளவில் இயங்குவதே முதியோருக்குப் பாதுகாப்பு.

இந்தப் பாடம் நம் ஊருக்குப் புதிதும் அன்று. மின்சார இரயிலில் வரும்போது தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயரைக் கவனித்திருப்பீர்கள்: தாம்பரம் சானடோரியம். 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட படுக்கை ஓய்வு – இவையே அன்றைய சிகிச்சை. வீட்டை விட்டு விலகிப் படுத்திருந்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பியது.

பின்பு மருந்துகள் வந்தன. 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையத்தின் மருத்துவர்கள் துணிந்து ஒரு சோதனை செய்தார்கள். நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலேயே இருக்க விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சத்தான உணவும் குறைவு. ஆயினும் 1959ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, அவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தார்கள். மருந்து முறையாகப் போய்ச் சேர வேண்டும், அக்கறையுடன் கவனிக்க ஆள் வேண்டும், அவ்வளவே. சென்னையில் நடந்த இந்த ஆய்வு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது.

முதுமை நோயன்று, இரண்டும் ஒன்றென நாங்கள் சொல்லவில்லை. ஆனால், அன்பின் பெயரால் ஒருவரை அவருடைய வாழ்க்கையிலிருந்து விலக்கி உட்கார வைப்பதற்கு முன், அது உண்மையிலேயே தேவைதானா என்று கேட்கும் துணிவை அந்த மருத்துவர்களிடமிருந்து நாம் கற்கலாம் அல்லவா?

“வெளியே அனுப்பினால் ஆபத்து வராதா?” என்று பெற்றோர் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதற்குள் எங்களுக்கே மூச்சு முட்டுகிறது. நடைபாதை சில இடங்களில் இல்லை; இருக்கும் இடங்களில் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. பேருந்தின் முதற்படி பாட்டியின் முழங்காலைவிட உயரம். 2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் படியில் ஏற முடியாதவருக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? 2024ஆம் ஆண்டு முதல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. சாலை சரியில்லை என்றால் சாலையைத்தான் திருத்த வேண்டும்; பாட்டியைப் பூட்டி வைப்பது திருத்தமாகாது. முதியவர் அச்சமின்றி நடக்கும் தெருவில் பள்ளிச் சிறுமியும் அச்சமின்றி நடப்பாள்.

மற்றொரு எதிர்ப்பும் உண்டு. பிள்ளைகள் அமெரிக்காவிலும் துபாயிலும் இருக்க, நம் புறநகர் அடுக்குமாடிகளில் முதிய தம்பதியர் தனித்து வாழ்கிறார்களே, அதுதான் சுதந்திரமா என்று கேட்கிறார்கள். அன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதையும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் மாடிப்படி ஏற முடியாதவருக்கும், மாத்திரை தீர்ந்துபோனவருக்கும் முதலில் உதவக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரரே. ஆனால் அந்த வீட்டில் ஒரு முதியவர் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! சுதந்திரம் வேறு, தனிமை வேறு. தேவைப்படும்போது குரல் கொடுத்தால் ஓடி வர ஆள் இருக்கிறது என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் சுதந்திரமாக வாழ முடியும்.

அரசும் சமுதாயமும் இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முதியோர் மருத்துவத்துக்கெனச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே டாக்டர் வி. எஸ். நடராஜன் அவர்களின் முயற்சியால் தனிப் பிரிவு தோன்றியது. கிண்டியில் 2024ஆம் ஆண்டு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் வருகிறது. பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். இந்த எண்ணை அறிந்தவர்கள் மூவர் மட்டுமே! இதை வாசிப்பவர்கள் இன்றே தங்கள் வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைக்கலாமே.

ஆனால் சட்டமும் மருத்துவமனையும் செய்ய முடியாத ஒன்று உண்டு. எங்கள் பள்ளி வளாகத்துக் கன்னியர் மடத்தில் எண்பது வயதைக் கடந்த சகோதரி ஒருவர் இருக்கிறார். நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தருவது அவர் பணி. ஒரு நாள் நாங்கள், “சிஸ்டர், நாங்கள் ஒட்டித் தருகிறோம், நீங்கள் ஓய்வெடுங்கள்” என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, “அப்புறம் நாளைக் காலையில் நான் எதற்காக எழுந்திருக்கணும்?” என்றார். அன்று அதை வேடிக்கை என்று எண்ணினோம். எங்கள் பாட்டியை நினைத்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று.

ஔவைப் பிராட்டியை நாம் அறிவோம். அவர் நீண்ட நாள் வாழ வேண்டுமென்று அரிய நெல்லிக்கனியைத் தந்தான் அதியமான். அதே அதியமான்தான் தொண்டைமானிடம் தூது செல்லவும் ஔவையை நம்பினான். நெடுநாள் வாழக் கனி கொடுப்பது அன்பு. செய்வதற்குரிய பணியை நம்பி ஒப்படைப்பது மரியாதை. முதியோருக்கு இரண்டும் வேண்டும். நாங்கள் கனியை மட்டும் கொடுத்துவிட்டுத் தூதைப் பறித்துவிட்டோம்.

இனி எங்கள் வீட்டில் நடந்த மாற்றத்தைச் சொல்லுவோம். அப்பா குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தினார். வழுக்கும் மிதியடியை எடுத்தெறிந்தார். இரவு விளக்கு ஒன்று போட்டார். பாட்டிக்குக் கண் பரிசோதனை செய்து புதிய கண்ணாடி வாங்கினோம். படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், சற்று உட்கார்ந்திருந்து எழப் பழகினார். நாற்காலியைப் பிடித்தபடி எழுந்து உட்காரும் பயிற்சியை நாள்தோறும் எங்களுடன் செய்தார். மருத்துவர் சொன்னபடி பருப்பும் பாலும் முட்டையும் சாப்பாட்டில் சேர்ந்தன. அம்மா கீரை ஆய்வதையும் பூண்டு உரிப்பதையும் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்தார். வங்கி அட்டையின் இரகசிய எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும், ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் நாங்கள் கற்றுக்கொடுத்தோம். கைப்பேசியை மட்டும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் வாரம் பாட்டி வாசல் வரை வந்தார். அடுத்த வாரம் தெருமுனை வரை. மூன்றாம் மாதம் பரணிலிருந்து கூடை இறங்கியது. நாங்கள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனபோது, “கையை விடு. பக்கத்தில் வா, போதும்” என்றார். பாட்டி பழைய பாட்டியாகிவிட்டார் என்று சொன்னால் அது பொய்யாகும். இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் கடைத்தெரு. நிறைந்த கூடையைச் சுமப்பவர்கள் நாங்கள். இழந்த நான்கு மாதங்களில் முழுவதும் திரும்பவில்லை. ஆனால் பேரம் பேசுபவர் பாட்டியேதான்!

நோயால் படுக்கையில் கிடப்பவர்களும், நினைவு தவறியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாமே கையாகவும் காலாகவும் இருக்க வேண்டியது கடமை. அதில் குறை வைக்கலாகாது. ஆனால் முடியாதவருக்குச் செய்ய வேண்டியதை முடிந்தவருக்கும் செய்து, அவரையும் முடியாதவராக்கிவிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

அன்புத் தோழியரே! இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாத்தா பாட்டியிடம், “உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எதை நீங்களே செய்ய விரும்புகிறீர்கள்?” என்றும் கேளுங்கள். பின்பு குளியலறைக்குச் சென்று, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். ஊன்றுகோல் தாங்கும், ஆனால் தடுக்காது. நாம் ஊன்றுகோலாவோம், அன்பெனும் பெயரில் கைவிலங்காக வேண்டாம்.