கட்டையில் முளைக்கும் காது

இரண்டு நாள் மழை பிடித்தால் போதும், செத்துக் கிடக்கிற ரப்பர் கட்டையில் காது காதாக முளைத்து நிற்கும். மலாய்க்காரர்கள் செண்டாவான் தெலிங்கா கெரா, அதாவது குரங்குக் காது என்பார்கள். சீனர் கடையில் இதையே காயவைத்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். நம்மவர்களில் சிலர் "ஐயையோ விஷம்" என்று ஓடுகிறார்கள். சிலர் கண்ணில் பட்ட காளானையெல்லாம் சட்டியில் போடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

காதுக் காளானுக்குக் குடை கிடையாது, குடைக்கு அடியில் இருக்கிற மடிப்புகளும் கிடையாது. பழுப்பு நிறம், இழுத்தால் ரப்பர் ஷீட் மாதிரி வளையும். வெளிப்புறம் மெல்லிய ரோமம், உட்புறம் வழுவழுப்பு. வெயிலில் கருவாடாகச் சுருங்கும், தண்ணீரில் போட்டால் திரும்ப உப்பும். புல்தரையில் முளைக்கிற வெள்ளைக் குடை வேறு சங்கதி. அது முற்றினால் அடிமடிப்பு பச்சையாகும். தின்றால் வாந்தி, பேதிதான். பூண்டும் வெள்ளிக்காசும் போட்டுக் கறுக்கிறதா என்று பார்ப்பது வெறும் கதை, நம்பாதீர்கள். சந்தேகமா, பறிக்காதீர்கள்.

களைக்கொல்லி அடிக்கிற பக்கத்துக் கட்டையில் முளைத்தது எதுவும் வேண்டாம். பாராகுவாட் 2020இல் தடையானாலும் வேறு மருந்துகள் அடிக்கிறார்கள் அல்லவா?

தாய்மார்களே, நல்ல காளானும் ஊறவைப்பதில் விஷமாகலாம். காய்ந்த காதை ராத்திரியெல்லாம், ரெண்டு நாளெல்லாம் வெளியில் ஊறப் போட்டால் ஒரு கிருமி வளர்ந்து போங்கிரெக் அமிலம் என்ற விஷத்தைச் சுரக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது, அதற்கு மாற்று மருந்தும் இல்லை. 2024இல் தைப்பேயில் ஓர் உணவகத்தில் சார் குவே தியாவ் சாப்பிட்டவர்கள் இறந்தது இந்த விஷத்தால்தான். சீனாவில் ஊறிய காதுக் காளானாலும் உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே வேண்டிய அளவு மட்டும், சமைக்கிற அன்றே, சில மணி நேரம் ஊறவைத்து நன்றாக வேகவையுங்கள். மிச்சம் ஊறியதைக் கொட்டிவிடுங்கள், காசு போனால் போகட்டும்.

இருதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும். இந்தக் காளான் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது என்று 1980லேயே அமெரிக்க மருத்துவர் ஹாமர்ஷ்மிட் எழுதினார்.

காளான் தின்று யாருக்காவது வயிற்றைப் பிரட்டினால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மிச்சக் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பினாங்கு கெலுகோரில், அறிவியல் பல்கலைக்கழகத்தில், 1994 முதல் தேசிய விஷ மையம் இருக்கிறது. தொலைபேசியில் ஆலோசனை சொல்வார்கள். அந்த எண் உங்கள் தோட்டத்து மருந்தகச் சுவரில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கிளைச் செயலாளரிடம் சொல்லி இந்த மாதமே எழுத வையுங்கள்.