கூட்டு வாசலும் தனி வாசலும்

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

சென்ற பருவத்தில் ஒரு நாள் எங்கள் பன்னாட்டு வணிக வகுப்பு பட்டிமன்றமாகிவிட்டது. "கூட்டமைப்பு ஒன்றில் உறுப்பினராக உள்ள நாடு, வெளிநாட்டுடன் தனியாக வணிக ஒப்பந்தம் செய்துகொள்ளலாமா?" என்று பேராசிரியர் கேட்டார். "தாராளமாகச் செய்யலாம். தன் பிழைப்பைத் தான் பார்ப்பது குற்றமா?" என்று எழுந்து முழங்கியவன் நான். பிறகு நூலகத்தில் அமர்ந்து தென் அமெரிக்காவின் மெர்கோசூர் கூட்டமைப்பைப் பற்றிப் படித்தேன். என் முழக்கத்தில் பாதியைத் திரும்பப் பெறவே இக்கட்டுரை.

அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே ஆகிய நான்கு நாடுகளும் 1991 மார்ச் 26 அன்று மெர்கோசூருக்குக் கையெழுத்திட்டன. 1995 முதல் அது சுங்க ஒன்றியம். அதாவது, வெளிநாட்டுப் பொருள் எந்த உறுப்பு நாட்டில் இறங்கினாலும் பெரும்பாலும் ஒரே வரி. அயலாருடன் வரிச் சலுகை பேசுவதானால் சேர்ந்தே பேச வேண்டும் என்று 2000 இல் முடிவும் செய்தார்கள்.

நால்வரில் மக்கள்தொகையில் மிகச் சிறியது உருகுவே. அங்கே சுமார் 35 இலட்சம் பேர். பிரேசிலிலோ 20 கோடிக்கும் மேல். உருகுவேயின் மாட்டிறைச்சிக்குச் சீனா பெரிய சந்தை. ஆனால் 2008 இல் சீனாவுடன் ஒப்பந்தம் செய்த நியூசிலாந்தின் இறைச்சி அங்கே வரியின்றி நுழைய, உருகுவேயின் இறைச்சி வரி கட்டி நுழைந்தது. கூட்டாகப் பேசலாம் என்றால், பராகுவே தைவானை அங்கீகரித்த நாடு. சீனாவுடன் அதற்குத் தூதரக உறவே இல்லை.

பொறுமை இழந்த உருகுவே அதிபர் லக்காயே போ, மெர்கோசூர் ஒரு பாரமாக இருக்கக் கூடாது என்று 2021 மார்ச் மாநாட்டில் சொன்னார். பாரம் என்று கருதுவோர் வேறு கப்பலில் ஏறிக்கொள்ளட்டும் என்று அர்ஜென்டினா அதிபர் பெர்னாண்டஸ் திருப்பிச் சொன்னார். கூட்டமைப்பின் 30 ஆம் ஆண்டு விழாவில் நடந்த உரையாடல் இது! 2022 இல் உருகுவே பசிபிக் வணிக ஒப்பந்தத்தில் சேர விண்ணப்பிக்க முனைந்தபோது, மற்ற மூன்று நாடுகளும் கூட்டாக எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பின. லக்காயே போ 2025 மார்ச்சில் பதவி முடிந்து செல்லும்வரை சீன ஒப்பந்தம் கைகூடவில்லை.

"இந்தியா இலங்கையுடன் தனி ஒப்பந்தம் செய்யவில்லையா?" என்று நண்பர்கள் கேட்கலாம். செய்தது, 2000 முதல் அது நடைமுறையில் உள்ளது. 2006 இல் வந்த தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதி அதற்குத் தடையாகவில்லை. ஏனெனில் அங்கே ஒவ்வொரு நாடும் தன் வெளி வரியைத் தானே வைத்துக்கொள்கிறது. சுங்க ஒன்றியம் அப்படியன்று. நால்வருக்கும் ஒரே மதில். ஒருவர் தன் பக்கத்தில் தனி வாசல் திறந்தால், பிரேசிலின் தொழிற்சாலைக்கு மதில் இருந்தும் பயனில்லை. நான் வகுப்பில் மறந்தது இதைத்தான்.

ஆயினும் மீதிப் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்துடன் மெர்கோசூர் 1999 இல் தொடங்கிய பேச்சு 2024 டிசம்பரில்தான் முடிந்தது. கால் நூற்றாண்டு! பெரிய நாட்டுக்கு உள்நாட்டுச் சந்தையே பெரிது; அது காத்திருக்கலாம். சிறிய நாட்டுக்கு வெளிச் சந்தையே வாழ்வு. தனி வாசல் கூடாது என்று சட்டம் பேசும் பெரியவர்களுக்கு, கூட்டு வாசலைக் காலத்தில் திறக்கும் கடமையும் உண்டு. திறக்க மனமில்லையெனில், ஒன்றியத்தைத் தெற்காசியாவைப் போல் வெறும் வணிகப் பகுதியாகத் தளர்த்திவிடுவதே நேர்மை.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் வடத்தைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்பவர், இழுக்க முடியாமல் விலகுபவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகுமா? மறுப்பவர்களை அடுத்த வகுப்பில் சந்திக்கிறேன்.