பழங்கடதாசியும் டீசலும்

பரீட்சை முடிந்த சில நாட்களில் கல்லூரி வளவின் ஒரு மூலையிலே பழைய விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக எரிவதை நாம் மாணவப் பருவத்திற் கண்டிருக்கின்றோம். அப்புகையோடு போவது ஒருவகைச் சர்க்கரையென்று அந்நாளில் எவரேனும் கூறியிருப்பின் நகைத்திருப்போம். ஆயினும் உண்மை அதுவே. கடதாசியின் பெரும்பகுதி செலுலோசு. செலுலோசோ குளுக்கோசு மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்ட பொருள்.

அச்சங்கிலியை அறுக்கவல்ல நுண்ணுயிர்கள் பல உள. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் சொலமன் தீவுகளிலே அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களை உக்கச்செய்த பங்கசு ஒன்று ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கூடாரத்தைக் காக்கும் பொருட்டு அத்தகைய பங்கசுகளை ஆராய்ந்த எல்வின் றீசு, மேரி மண்டெல்சு ஆகியோரின் ஆய்வு, 1970களில் எண்ணெய் நெருக்கடி தோன்றியபோது வேறு வழியிற் பயன்பட்டது. அதே பங்கசின் நொதியங்களைக் கொண்டு பழைய பத்திரிகைத் தாளைச் சர்க்கரையாக்கிக் காட்டினர். பகைவனென்று பிடித்துவந்தவன் பணியாளன் ஆயினான்! 2011 இல் நியூ ஓர்லியன்சிலுள்ள துலேன் பல்கலைக்கழகத்தார், விலங்கின் சாணத்திலிருந்து பிரித்தெடுத்த பற்றீரியா ஒன்று பழைய பத்திரிகையிலிருந்து நேரே பியூட்டனோலை ஆக்குகின்றதென அறிவித்தனர்.

டீசல் வேண்டுமாயின் வழி சற்று நீளும். சர்க்கரைக் கரைசலிற் சிலவகை மதுவங்களை வளர்த்தால் அவை தம் உடலிற் கொழுப்பைச் சேமிக்கும். அக்கொழுப்பைப் பிரித்து மெதனோலுடன் தாக்கமுறச் செய்தால் உயிர்டீசலும் கிளிசரினும் கிடைக்கும்.

இதனைக் கேட்டதும், எரிபொருட் பஞ்சம் தீர்ந்ததென்று துள்ளும் அன்பர்களோடு எமக்கு உடன்பாடில்லை. ஒரு கிலோக் குளுக்கோசிலிருந்து கிடைக்கத்தக்க கொழுப்பு, ஏட்டுக் கணக்கின்படியே 320 கிராமளவில் நின்றுவிடும். நடைமுறையில் 200 கிராம் கிடைத்தாலே நன்று. கடதாசி முழுவதும் குளுக்கோசாகாது. களிமண்ணும் சுண்ணமும் அதிற் கலந்துள்ளன. பத்திரிகைத் தாளில் இலிக்னின் வேறு இருந்து நொதியத்தைத் தடுக்கின்றது. கிலோக் கடதாசிக்கு 150 கிராம் எண்ணெய் கிடைப்பதே பெரிது. கலக்குவதற்கும் காற்றூட்டுவதற்கும் செலவாகும் மின்சாரத்தை யார் கணக்கிடுவது?

2022 ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. எரிபொருளுக்கு இரவு பகலாக வரிசையில் நின்ற அதே ஆண்டு பங்குனியில், கடதாசியின்மையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. இரண்டுக்கும் தட்டுப்பாடு நேர்ந்த நாட்டிலே, எழுதத்தக்க கடதாசியாக மீளக்கூடியதை மதுவத்துக்கு இரையாக்குதல் எவ்வகையில் நியாயமாகும்? வைக்கோலையும் கழிவுத் தாளையும் கூழாக்கிக் கடதாசி செய்த வாழைச்சேனை ஆலையின் வரலாறு எம்மவர்க்குப் புதிதன்று.

எனினும் நுண்ணுயிருக்கு உரிய பங்கும் உண்டு. நார் ஒவ்வொருமுறை கூழாகும்போதும் குறுகுகின்றது. ஐந்தாறு முறைக்குப் பின் அது தாளாகத் திரளாது, ஆலையின் சேறாய் வெளியேறும். அச்சேறும், எண்ணெய் தோய்ந்த உணவுப்பொதித் தாள்களும் கூழுக்கு உதவா. அவையே மதுவத்துக்குரியன என்பது எமது கருத்து.

எமது கல்லூரி அதிபர் அவர்களிடம் நாம் வேண்டுவது இரண்டு. விடைத்தாள்களை எரியாது உலர்ந்த அறையிற் சேர்த்து, கூழாக்குவோர்க்கு விற்பித்தல் வேண்டும். எண்ணெய் தோய்ந்த தாள்களை உயர்தர வகுப்பு விஞ்ஞான மாணவர்க்குப் பரிசோதனைக்கு அளித்தல் வேண்டும். விற்ற பணத்திற்கு அவர்களுக்கு நுணுக்குக்காட்டி வாங்கலாம். குறையும் தொகையைப் பழைய மாணவராகிய நாம் ஏற்போம்.